மூன்றாவது எறும்பு

பேராசிரியர் ஞானப்பிரகாசம் நாலு நாள் காட்டுக்குள் குனிந்தே நடந்து இரண்டு புது எறும்பினங்களைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டும் கடுகில் பாதிதான் இருக்கும். பெரிய தலைக்காரனுக்குத் தன் பெயரையும், சின்னத் தலைக்காரனுக்குத் துணைவேந்தர் பெயரையும் வைத்துவிட்டதாக, வன விடுதியில் காலைச் சாப்பாட்டின்போது ரேஞ்சரிடம் அறிவித்தார்.

இட்லி பரிமாறிக்கொண்டிருந்த சமையல்காரி சொர்ணத்தாய் சிரித்துவிட்டாள்.

"எறும்பைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்றார் பேராசிரியர்.

"அடுப்புக்குத் தினமும் சுள்ளி ஒடிக்கேன், ஐயா. அதுல பாத்திருக்கேன்."

"அப்படியா? மத்தியானத்துக்குள் மூன்றாவது இனம் ஒன்றைக் கொண்டு வா. முடியாவிட்டால் நாளையிலிருந்து உனக்கு இங்கே வேலை இல்லை."

ரேஞ்சர் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு அவள் விரல் நீளத்தில் ஓர் உளுத்த சுள்ளியோடு வந்து, அதை வெள்ளைத் தட்டின் மேல் பிளந்தாள். வயிறு பெருத்த எறும்பு ஒன்று விழுந்தது.

"புதுசுதான்! இதற்கு அமைச்சர் பெயர்!" பேராசிரியர் பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் பொறுங்கய்யா" என்று அவள் சுள்ளியைத் தட்டினாள். பெரிய தலையும் சின்னத் தலையுமாக ஒரு கூட்டமே முட்டைகளைக் கவ்விக்கொண்டு இறங்கி, அந்தப் பெருத்ததைச் சுற்றி நின்றது.

"மூணாவது கேட்டீங்க, கொண்டாந்துட்டேன். முதல் ரெண்டுக்கும் இவதான் ஆத்தா. நீங்க வச்ச பேருப்படி பாத்தா, நீங்களும் துணைவேந்தரும் ஒரு வயித்துப் பிள்ளைங்க."

பேராசிரியர் பேனாவை மூடினார்.

"நாளைக் காலைக்கு இட்லியா, தோசையா ஐயா?" என்று கேட்டாள் சொர்ணத்தாய்.