பந்தயத்துக்குச் சர்வர் பிடித்த கதை

கீழக்கொட்டாங்குளத்தில் புத்திசாலிகள் பிறக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் இதுவரை யாரும் பிறந்து அந்த ஊரின் அமைதியைக் கெடுத்ததில்லை. ஊர் நடுவில் ஆவுடையப்பனின் மாவு மில் இருக்கிறது. மில்லின் மாடியில் 'மின்னல் கார் பந்தயக் கழகம்' இருக்கிறது. கழகத்தில் யாரிடமும் கார் கிடையாது. டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி ஒன்று உண்டு. அதில் கார் ஓட்டுவதுதான் ஆவுடையப்பனுக்கு முழுநேர வேலை. மாவு அரைப்பது, காரைத் திருப்பி நிறுத்திவிட்டு நேரம் கிடைத்தால்.

அவர் தலைவர். உறுப்பினர்கள் கொம்பையா, சங்கிலிபூதத்தான், பேச்சிமுத்து என்று மூன்று பேர். மூவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டதால் சாயங்காலம் வீட்டில் யாரும் தேடுவதில்லை. தலைவர் சொல்வதை எழுத்து மாறாமல் செய்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒருமுறை விளையாட்டு மும்முரத்தில், "பிரேக்கைப் போட்டு மிதிடே" என்று ஆவுடையப்பன் கத்தினார். பேச்சிமுத்து கையிலிருந்த கண்ட்ரோலரைத் தரையில் போட்டு மிதித்தான். புதிதாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. அதற்காக அவன் சொல்பேச்சு கேளாதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

குளத்துக்கு அக்கரையில் மேலக்கொட்டாங்குளம். அங்கே தங்கப்பழம் என்பவர் 'புயல்' என்ற பெயரில் இதே போல ஒரு கழகம் நடத்தி வந்தார். ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டு தலைவர்களும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார நேர்ந்தது. பாயசம் வரும்வரை பேச்சு மரியாதையாகத்தான் போயிற்று.

"உங்க ஆளுக டிவியில ஓட்டுறதுக்கே ரெண்டு தடவை எட்டுப் போடணும் போல இருக்கே" என்றார் தங்கப்பழம்.

ஆவுடையப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னை ஜெயிச்சுக் காட்டும்வே. ஜெயிச்சுட்டீருன்னா என் மீசையை எடுத்துருதேன்."

பந்தியே கை தட்டியது. சொன்ன பிறகுதான் ஆவுடையப்பனின் கை மீசைக்குப் போயிற்று.

அது லேசுப்பட்ட மீசை இல்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்குச் சண்முகவடிவு நிமிர்ந்து பார்த்தது அதை ஒன்றைத்தான். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "மீசை நல்லா இருக்கு" என்று பதில் சொன்னாள். மற்றபடி எதைப் பற்றியும் அவள் கருத்துச் சொல்லவில்லை. அந்த நாள் முதல் ஆவுடையப்பன் தன்னை மீசைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கிற ஆளாகவே நினைத்து வந்தார். மீசை போய்விட்டால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? பந்தயம் வைத்த இரவிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பெட்டி ஒன்று இந்த ஊரில், இன்னொன்று அந்த ஊரில். இரண்டையும் எப்படிச் சேர்த்து விளையாடுவது? டவுனில் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்த ஜெபமணியிடம் போய்க் கேட்டார்கள்.

"ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி" என்றார் ஜெபமணி. "ஒண்ணு லோக்கல். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல ஒயர் இழுக்கணும், அவ்வளவுதான். நல்லா வேகமா இருக்கும். இன்னொண்ணு ஆன்லைன். அதுக்கு ஒயரு வேண்டாம். ஆனா எல்லாம் சர்வரைப் பொறுத்தது. சர்வர் தூரமா இருந்தா இங்க செய்யிறது அங்க தாமதமாத்தான் போய்ச் சேரும்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியாது. அன்று சாயங்காலம் கழகம் கூடி ஆலோசித்தது.

"லோக்கல்னா மட்டம்லா அண்ணாச்சி?" என்று கொம்பையா கவலைப்பட்டான். "எங்க மச்சான் லோக்கல் செருப்பு ஒண்ணு வாங்குனான். டவுன்ல இருந்து ஊரு வந்து சேருறதுக்குள்ள வாரு அந்துட்டு. உங்க மீசையைக் கொண்டு போய் அதுலயா கட்டுறது?"

"ஆன்லைன் மட்டும் என்னத்த வாழுது?" என்றான் சங்கிலிபூதத்தான். "எங்க வீட்டுல ஆன்லைன்ல சேலை எடுத்தா. படத்துல பச்சை. வந்தது நீலம். நாம இங்கன சிவப்புக் கார் ஓட்டுனா அங்கன என்ன கலர்ல போய் நிக்குமோ."

"சேலைன்னா திருப்பி அனுப்பலாம்" என்றான் பேச்சிமுத்து. "அந்தச் செருப்பை அனுப்ப முடியாதுல்லா."

இந்தக் கருத்தின் ஆழத்தில் எல்லோரும் சற்று நேரம் மூழ்கிக் கிடந்தார்கள். கடைசியில் ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். "லோக்கல்தான் வேகம்னு கடைக்காரரு சொல்லுதாரு. பந்தயத்துக்கு வேகம்தான் முக்கியம். லோக்கலா இருந்தாலும் நாம மரியாதையா நடந்துக்கிடுவோம்."

நீளமாக ஒயர் வாங்கிக் குளத்துக் கரை நெடுகப் போட்டார்கள். இந்த முனையில் மின்னல் கழகம், அந்த முனையில் புயல் கழகம். வேடிக்கை பார்க்க இரண்டு ஊரும் வந்திருந்தது.

"எவ்வளவு இழுக்கணும்னு கடைக்காரர் சொன்னாராடே?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"அளவு சொல்லலையே அண்ணாச்சி."

"அளவு சொல்லலைன்னா முடிஞ்ச மட்டும் இழுக்கணும்னு அர்த்தம்."

அக்கரையிலும் இதே முடிவுக்குத்தான் வந்திருந்தார்கள் போலிருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கழகமும் ஒயரைப் பிடித்து இழுத்தது. ஊர்க்காரர்கள் தேர் இழுக்கிற மாதிரி குரல் கொடுத்தார்கள். ஒயர் தன்னால் ஆனமட்டும் பொறுத்துப் பார்த்துவிட்டு நடுவில் அறுந்தது. மேலக்கொட்டாங்குளத்துக்காரர்கள் மல்லாக்க உடைமுள்ளில் விழுந்தார்கள். நம்மவர்கள் சேற்றில்.

ஆவுடையப்பன் எழுந்து முதலில் மீசையைத் தடவிப் பார்த்தார். இருந்தது. "லோக்கல்ல வேகம் இருக்கும்னு அவரு சொன்னது சரிதான்டே" என்றார் சேற்றைத் துப்பியபடி.

ஆக, ஆன்லைன் என்று முடிவாயிற்று. மறுநாள் பெட்டிக்கு இன்டர்நெட் கொடுத்துத் தங்கப்பழத்துக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டு, பொத்தானை அமுக்கினார்கள். டிவியில் எழுத்து வந்தது. ஆவுடையப்பன் கண்ணாடி போட்டு உரக்கப் படித்தார். "சர்வர் பிஸி. சிறிது நேரம் கழித்து முயலவும்."

அந்த வட்டாரத்துக்கே ஒரே ஒரு சர்வர்தான் உண்டு. பஸ் ஸ்டாப் ஓட்டலில் வேலை பார்க்கும் ஆறுமுகநயினார். கொம்பையா ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"சத்தியமா பிஸிதான் அண்ணாச்சி. கோயிலுக்குப் போற கூட்டம் வேன் வேனா வந்து இறங்கியிருக்கு. மனுசன் ரெண்டு கையிலயும் தோசையைத் தூக்கிட்டு அலையுதாரு."

கழகத்துக்குப் புல்லரித்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் தோசை கேட்டால் மாடியில் இருக்கிற டிவிக்குத் தெரிகிறது. விஞ்ஞானம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது பாருங்கள்.

"நாம போய்க் கை கொடுத்தாத்தான் அவரு ஃப்ரீ ஆவாரு" என்றார் ஆவுடையப்பன். நால்வரும் ஓட்டலுக்குப் போய்ப் பந்தி விசாரிக்க இறங்கினார்கள். ஓட்டல்காரரும் ஓசியில் ஆள் கிடைத்த சந்தோஷத்தில், "இலையைப் பார்த்து ஊத்துடே" என்று சங்கிலிபூதத்தானிடம் சாம்பார் வாளியைக் கொடுத்தார். அவன் இலையைப் பார்த்தபடியே ஊற்றினான். கரண்டி எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லி உத்தரவில்லை. "கடைசி டேபிளுக்குக் கொஞ்சம் சட்னியைக் காட்டு" என்று பேச்சிமுத்துவிடம் சொன்னார். அவன் சட்னியை எடுத்துப் போய் ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராகக் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பக் கொண்டு வந்து வைத்தான். கூட்டம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வேனில் ஏறிவிட்டது.

மாடிக்குத் திரும்பிப் பொத்தானை அமுக்கினால், பெட்டி கணக்காக வேலை செய்தது. இதற்கு மேல் ஒரு அத்தாட்சி வேண்டுமானால் அது உங்கள் புத்தியின் கோளாறுதான்.

அடுத்து தூரப் பிரச்சினை. ஓட்டல் ஊர்க்கோடியில் இருக்கிறது. ஆறுமுகநயினாரைக் கையோடு அழைத்து வந்து டிவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"நான் என்ன செய்யணும்?" என்று அவர் கேட்டார்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். கிட்டக்க இருந்தாப் போதும்."

இப்படி ஒரு வேலையை அவரிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. அவர் காலை நீட்டிக்கொண்டார்.

விஷயம் தெரிந்து தங்கப்பழம் போனில் குதித்தார். "சர்வரை நீரே மடியில வச்சுக்கிட்டா எங்களுக்குத் தூரமாயிராதா? இது என்ன அநியாயம்?"

நியாயம் என்று வந்துவிட்டால் ஆவுடையப்பன் விட்டுக்கொடுக்காத மனிதர். இரண்டு ஊருக்கும் பொதுவாகக் குளத்துக் கரையின் நடுவில், அறுந்த ஒயரின் பக்கத்தில், குடை ஒன்று நட்டு ஆறுமுகநயினாரை அங்கே உட்கார வைத்தார்கள். இரண்டு கழகத்து ஜன்னலிலிருந்து பார்த்தாலும் அவர் தெரிந்தார்.

பந்தயம் தொடங்கியது. ஆவுடையப்பனின் சிவப்புக் கார் முதலிலிருந்தே முன்னால் போயிற்று. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா, அந்த மனிதர் நன்றாகத்தான் ஓட்டுவார். தங்கப்பழத்தின் மஞ்சள் கார் பின்னால் எங்கோ வேலியில் முட்டிக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்று. ஒரே ஒரு திருப்பம்தான் பாக்கி. ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மீசை தப்பிவிட்டது. இன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சண்முகவடிவிடம் சாவதானமாகக் காபி கேட்கலாம்.

அப்போதுதான் ஜன்னலில் நின்றிருந்த கொம்பையா குரல் கொடுத்தான். "அண்ணாச்சி, சர்வர் எந்திரிச்சுட்டாரு."

உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போன ஆறுமுகநயினார் ஒரு டீ குடிக்கலாமென்று கிளம்பியிருந்தார். டீக்கடை மேலக்கொட்டாங்குளத்தில் இருந்தது.

"அவங்க பக்கமா நடக்குதாரு" என்றான் சங்கிலிபூதத்தான்.

"நம்மளை விட்டுத் தூரமாப் போறாரே" என்றான் பேச்சிமுத்து, அழுகிற குரலில்.

ஆவுடையப்பன் கண்ட்ரோலரோடு ஜன்னலுக்குப் பாய்ந்தார். "வேய் நயினாரு, திரும்பி வாரும்வே" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். கூப்பிடும்போது விரல் எதையெல்லாமோ அமுக்கியது. டிவியில் சிவப்புக் கார் திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் போய்க் கடலில் விழுந்தது. மஞ்சள் கார் வேலியிலிருந்து விடுபட்டு நிதானமாக வந்து கோட்டைத் தாண்டியது.

"பாத்தியாடே" என்றார் ஆவுடையப்பன், திரும்பிப் பார்த்துவிட்டு. "சர்வர் தூரமாப் போனதும் என்ன கதியாச்சு."

போன் அடித்தது. "தோத்தது தோத்ததுதான்" என்றார் தங்கப்பழம். "எங்க ஊரு சலூனுக்கு வந்து மீசையைக் கொடுத்துட்டுப் போம்."

ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் நல்ல மனிதர். சொன்ன சொல்லை மீறத் தெரியாது. கழகமும் அழுதது. கொம்பையா மட்டும் அழுகையை நிறுத்தி யோசித்தான்.

"அண்ணாச்சி, நாம எதுல தோத்தோம்?"

"ஆன்லைன்ல."

"அப்ப மீசையையும் ஆன்லைன்லதான எடுக்கணும்? லோக்கல்ல எடுத்தா அது எப்படிச் செல்லும்?"

தங்கப்பழத்திடம் சொன்னார்கள். அவர் இதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தும் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. "சரி. ஆனா சவரம் எங்க ஊரு ஆளுதான் செய்வாரு. அதுல விட்டுக்கொடுக்க முடியாது" என்றார் கறாராக.

வீடியோ கால் போட்டார்கள். மேலக்கொட்டாங்குளம் சலூனில் தங்கப்பழத்தின் போனை நாற்காலியில் சாய்த்து வைத்து அதன் கழுத்தில் துணி கட்டினார்கள். இங்கே ஆவுடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அங்கே சலூன்காரர் பிரஷ்ஷால் போனுக்கு நுரை போட்டார். இங்கே பேச்சிமுத்து மாவு மில் வாசலில் வைத்திருந்த சோப்பைக் குழைத்து மீசைக்கு நுரை போட்டான். "தலையைக் கொஞ்சம் சாய்ங்க அண்ணாச்சி" என்றார் சலூன்காரர். ஆவுடையப்பன் சாய்த்தார். சலூன்காரர் புது பிளேடு மாட்டி, போன் கண்ணாடியில் கீறல் விழாதபடி, இடமும் வலமுமாக நுரையை வழித்தெடுத்தார். இரண்டு ஊரும் கை தட்டியது. தங்கப்பழம் நெகிழ்ந்துபோய், "ஆம்பளைன்னா நீருதான்வே ஆம்பளை" என்றார்.

ஆவுடையப்பனுக்குக் கண்ணாடி பார்க்கத் தைரியம் இல்லை. நுரையைத் துடைத்துக்கொண்டு, துண்டால் மூக்குக்குக் கீழே மூடிக்கட்டி, தெரு ஓரமாக வீட்டுக்கு நடந்தார்.

சண்முகவடிவு வாசலில் நின்றாள். "என்னங்க, பல்லு வலியா?"

"மீசை போயிட்டு வடிவு."

அவள் துண்டை இழுத்துப் பார்த்தாள். "இருக்கே."

ஆவுடையப்பன் தடவிப் பார்த்தார். இருந்தது. முறுக்கிப் பார்த்தார். முறுக்கவும் முடிந்தது. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எல்லாம் விளங்கிவிட்டது.

"அங்க எடுத்துட்டாங்க. இன்னும் இங்க வந்து சேரலை. சர்வரு அந்தப் பக்கம் டீக்கடையில இருக்காருல்லா, தாமதமாத்தான் வரும்."

சண்முகவடிவும் கீழக்கொட்டாங்குளத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். அவள் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய் முறத்தை எடுத்து வந்து அவர் மோவாய்க்குக் கீழே ஏந்திப் பிடித்தாள்.

"ஆடாம இருங்க. இப்பதான் வீடு பூராத் தூத்துப் பெருக்கியிருக்கேன்."