வேலிக்கு அந்தப்பக்கம் ஓர் இருமல்

மலையடிவாரத்தில் உலகம்மையின் மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரமும் தேரும் நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு சமையல் கொட்டகை, கல் கட்டிய ஒரு கிணறு. இருந்தவர்கள் இரண்டே பேர். உலகம்மை குரு. அவரைவிட நான்கு வயது மூத்த முப்புடாதி சீடர்.

முப்புடாதி நில அளவைத் துறையில் இருபத்தாறு வருடம் சங்கிலி இழுத்தவர். ஞானம் தேடி வேலையை விட்டார், வீட்டை விட்டார். எல்லைக் கல்லை மட்டும் விட முடியவில்லை. மடத்து நிலத்தின் நான்கு மூலைக் கல்லுக்கும் வருடம் தவறாமல் சுண்ணாம்பு அடிப்பார். எதுவரை நம்முடையது, எங்கிருந்து அடுத்தவனுடையது என்பது அவருக்கு விரற்கடை சுத்தமாகத் தெரியும்.

அப்படிப்பட்டவருக்குத்தான் மூங்கில் வந்து வாய்த்தது.

பக்கத்து நிலத்துக்காரர் பொன்னுலிங்கம். கட்டடக் கான்ட்ராக்டராக இருந்து ஓய்ந்தவர், தனி ஆள். மடத்தைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கப் பிடிக்கவில்லை என்று ஏழு வருடத்துக்கு முன்னால் வேலியோரம் மூங்கில் நட்டார். நம் ஊர் மூங்கில் நட்ட இடத்தில் புதராக நிற்கும். இவர் நர்சரியில் வாங்கியது வெளியூர் இனம். அது மண்ணுக்கடியில் ஓடும். இன்று இங்கே நிற்கும், பத்து நாள் கழித்து எட்டடி தள்ளி முளைக்கும்.

முப்புடாதி போய்க் கேட்டார். பொன்னுலிங்கத்துக்கு ஓயாத இருமல். இருமலுக்கு நடுவே பதில் வந்தது.

"என் எடத்துல நான் வச்சிருக்கேன். ஒன் பக்கம் வந்தா நீ வெட்டிக்கோ."

நியாயப்படி சரியான பதில். அதனாலேயே முப்புடாதிக்குப் பொறுக்கவில்லை. இனி அந்த ஆள் வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் செய்தார். ஒரு கோடை முழுக்கத் தன்னந்தனியாக வேலி நெடுக இடுப்பளவு பள்ளம் தோண்டி, குறுக்கே ஓடிய வேரையெல்லாம் அறுத்தார். கல்லும் சிமெண்டும் கொட்டிப் பள்ளத்தை மூடினார். முடித்த அன்று நன்றாகத் தூங்கினார்.

மழை வந்தது. மடத்துப் பக்கம் பதினோரு இடத்தில் மூங்கில் முளைத்தது.

வெட்டிய இடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி மன்னிப்புக் கேட்பது அந்த மடத்து வழக்கம். முப்புடாதி வழக்கம் மீறாதவர். தினமும் காலையில் அரிவாளோடு போவார். வேலியோரம் முற்றி உயர்ந்தவை சுவர்போல நின்றன, அவற்றை அரிவாள் தொடாது. அதைத் தாண்டி வரும் முளைகளை ஒவ்வொன்றாக வெட்டுவார். வெட்டும்போது வேலிப் பக்கம் பார்த்துக் கத்துவார்.

"கட்டையில போறவனே! ஒனக்கு நல்ல சாவு வராதுடா!"

அந்தப் பக்கமிருந்து ஓர் இருமல் கேட்கும்.

"இருமு. நல்லா இருமு."

பிறகு கிணற்றில் இறைத்து, வெட்டிய இடம் ஒவ்வொன்றிலும் ஒரு சொம்பு ஊற்றி, "பொறுத்துக்கோ தாயே" என்பார். முளைகள் நாற்பது என்றால் சொம்பும் நாற்பது. மூன்று வருடம் இப்படியே போனது. அந்த மூன்று வருடமும் மழை பொய்த்தது. கொய்யா பட்டது, முருங்கை பட்டது, வேலிக் கிளுவைகூடப் பட்டது. மூங்கில் மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றது. அதைப் பார்க்கவே முப்புடாதிக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அந்த ஆவணியில் முளைகள் ஒரு பக்கமாகத் திரும்பின. முப்புடாதிக்குச் சந்தேகம் வந்து கயிறு கட்டிப் பார்த்தார். புதிதாக வந்த ஒன்பது முளையும் ஒரே கோட்டில் இருந்தன. கோடு கிணற்றில் போய் முடிந்தது. இருபத்தாறு வருடம் அளந்த மனிதர் அவ்வளவு சுத்தமான கோட்டைத் தன் கையால்கூடப் போட்டதில்லை.

மறுநாள் விடியும்போது பாயில் தலை வைத்திருந்த இடத்தில் ஏதோ உறுத்தியது. எழுந்து பாயைச் சுருட்டினார். சாணி மெழுகிய தரை வெடித்து, உள்ளிருந்து ஒரு வெள்ளை முனை எட்டிப் பார்த்தது. தொட்டால் சில்லென்று இருந்தது.

கிணற்றடிக்கு ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நெடுக வெள்ளை வேர்கள் விரல் நீட்டியிருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கல் கழன்றது. அது தண்ணீரில் விழும் சத்தம் வர வெகு நேரம் ஆன மாதிரி இருந்தது.

முப்புடாதிக்குப் பயம் வந்துவிட்டது. அந்த நிலத்தில் அது ஒன்றுதான் கிணறு. வேறு மூன்று இடத்தில் தோண்டி மூன்றிலும் பாறைதான் கண்டது. கிணறு சரிந்தால் மடத்தைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். அவருக்குப் போக வேறு இடம் கிடையாது. வாழ்க்கையில் முதன்முதலாக மனம் அடங்கி உட்கார்ந்ததே அந்தக் கிணற்றடியில்தான்.

உலகம்மை கொட்டகையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளு."

"அடுத்தவன் வளக்குறது நம்ம மண்ணுக்குள்ள நொழஞ்சா, அதை எப்படி நிறுத்துறது?"

உலகம்மை கீரையை வைத்துவிட்டு எழுந்தார். வேலிப் பக்கம் நடந்து, மூங்கிலோரம் நின்று காது கொடுத்தார். இருமல் கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"அவன்தான். நான் வெட்டுத நேரம் பாத்து இருமுவான்."

உலகம்மை திரும்பி முப்புடாதியின் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ஒன் சபதத்தை இன்னைக்கு ஒருநாள் விடு. சுத்திப் போயி அவரைப் பாத்துட்டு வா."

"பாத்து என்ன சொல்ல?"

"தெனமும் இங்க நின்னு சொல்லுதியே, அதை நேர்ல சொல்லு."

முப்புடாதி அரிவாளை எடுத்துக்கொண்டார். கூடவே ஒரு கேன் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டார். தாய்ப்புதரைக் கொளுத்திவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு. உலகம்மை கேனைப் பார்த்துவிட்டுக் கீரை ஆயப் போனார்.

பொன்னுலிங்கத்தின் வாசல் மறு ரோட்டில் இருந்தது. குளத்தங்கரையைச் சுற்றி ஒரு மைல் நடக்க வேண்டும். போய்ச் சேரும்போது உச்சி வெயில். கேட்டில் கொடி படர்ந்து காய்ந்து கிடந்தது.

"வே, பொன்னுலிங்கம்!"

உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

கேட்டைத் தள்ளிக்கொண்டு போனார். வீட்டைச் சுற்றி மூங்கில் அடர்ந்து நின்றது. ஒன்றிலும் இலை இல்லை. எல்லாம் வைக்கோல் நிறம். ஒன்றைப் பிடித்து வளைத்தார், படக்கென்று ஒடிந்தது. இன்னொன்றும் அப்படியே. அடியில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

மறுபடியும் இருமல். இந்தத் தடவை அது அவர் தலைக்கு மேலே கேட்டது.

அண்ணாந்து பார்த்தார். காய்ந்த இரண்டு கழிகள் உயரத்தில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. காற்று வந்தது. கழிகள் உரசின. மார்ச்சளி கட்டிய மனிதர் இருமுகிற அதே இருமல்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஜன்னலைப் பார்த்துப் போட்ட ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையைப் பிளந்து ஒரு மூங்கில் கூரைவரை ஏறி, ஓட்டைத் தூக்கிவிட்டு, அங்கேயே காய்ந்திருந்தது. சுவரில் நாள்காட்டி தொங்கியது. மேல் தாளில் இருந்தது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு வைகாசி செவ்வாய்.

முப்புடாதி ஏன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது. உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். முதலில் காய்ந்த கழிகள். அப்புறம் வெள்ளை வெளேர் என்று அவர் சுண்ணாம்பு அடித்த எல்லைக் கல். பச்சை அந்தக் கல்லைத் தாண்டித்தான் தொடங்கியது. பச்சைக்கு நடுவே ஒரு சந்து விட்டிருந்தது. சந்தில் ஓர் இடம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தினமும் காலையில் அவர் நின்று திட்டுகிற இடம் அது.

மண்ணெண்ணெய்க் கேனை அங்கேயே மறந்துவிட்டு வந்தார்.

உலகம்மை கொட்டகை வாசலில் நின்றிருந்தார்.

"அம்மா, அவரு..."

"மூணு வருசம் ஆச்சு."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தூக்க ஆள் பத்தலன்னு கூப்பிட்டு விட்டாங்க. ஒரு பக்கம் நான்தான் தோள் குடுத்தேன். பாடைக்கு அந்த மூங்கிலத்தான் வெட்டுனாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"நீ அரிசி வாங்க தென்காசிக்குப் போயிருந்த. திரும்பி வரும்போது நான் கிணத்தடியில சேலையோட தலை முழுகி, ஈரத்தோட உக்காந்திருந்தேன். நீ பாத்தியே."

பார்த்தது நிஜம். இழவுக்குப் போய் வந்தவர்கள் அப்படித் தலை முழுகுவார்கள் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் குரு செய்தால் அதில் ஏதோ பெரிய சாதனை இருக்க வேண்டும் என்று முப்புடாதி முடிவு கட்டிவிட்டார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. மறுநாளிலிருந்து உச்சி வெயிலில் வேட்டியோடு தலை முழுகிவிட்டு, சாயங்காலம்வரை ஈரத்தோடு பட்டினி கிடந்தார். ஒரு மண்டலம் விடவில்லை. உள்ளே ஏதோ திறக்கிற மாதிரி இருப்பதாக நோட்டில் எழுதியும் வைத்தார்.

"நீயும் தலை முழுகுனத பாத்தேன்," என்றார் உலகம்மை. "அந்த மனுசனுக்கு இவனாவது துக்கம் காக்கானேன்னு நெனச்சேன். எனக்குக் கண்ணு கலங்கிட்டு."

முப்புடாதியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் தெனமும் அவரைத் திட்டுனேனே. அது ஒங்க காதுல விழலியா?"

"விழுந்துது. செத்தவங்களோட சண்டை போட்டுக்கிட்டிருக்கவங்க எத்தனையோ பேரு. நீயும் அதுல ஒருத்தன்னு இருந்துட்டேன். அந்தச் சத்தத்தை நீ அவரு பதிலா எடுத்துக்கிட்டு நிக்குதன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

கிணற்றுக்குள் மண் உதிர்ந்தது. இருவருக்கும் கேட்டது.

"அப்ப இந்த மூங்கில்?" என்றார் முப்புடாதி. "நான் பள்ளம் தோண்டுனப்பவே வேரு அத்துப்போச்சு. அங்க எல்லாம் காஞ்சு கெடக்கு, தண்ணி விட ஆளில்லாம..."

கிணற்றுச் சுவர்மேல் சொம்பு இருந்தது. அதைப் பார்த்தார். மூன்று வருடம், நாளுக்கு நாற்பது சொம்பு. அத்தனையும் அந்தக் கிணற்றிலிருந்து இறைத்தது.

"நானா வளத்தேன்?"

உலகம்மை ஆமென்று தலையசைத்தார்.

"வழக்கத்தை விட்டுரட்டுமா அம்மா? தண்ணி ஊத்தாம வெட்டுனா வேரு பட்டுப்போகும். கிணறு பொழச்சுக்கிடும்."

"நான் கீரை அறுக்கும்போது தண்ணி ஊத்தி நீ பாத்திருக்கியா?"

முப்புடாதி யோசித்தார். "இல்ல. குருவுக்கு வழக்கமெல்லாம் கெடையாதுன்னு நெனச்சேன்."

"கோபத்தோட வெட்டுனாத்தான் தண்ணி ஊத்தணும். நீ வந்த அன்னைக்கே எல்லாத்துக்கும் ஊத்த ஆரம்பிச்ச. சரி, ஆளு கோபக்காரர்போலன்னு விட்டுட்டேன்."

முப்புடாதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தேவிட்டார்.

"அவ்வளவுதானா! ஆளே இல்ல. இனி யார் மேல கோபம் வரப்போகுது?"

உலகம்மை கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை மலையிலிருந்து பனி இறங்கியிருந்தது. கிணற்றைச் சுற்றி ஏழு புது முளைகள் நின்றன. முந்தின நாள் அங்கே ஒன்றுகூடக் கிடையாது. முப்புடாதி சொம்பை எடுக்கவில்லை. அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் முளைக்கு முன்னால் குத்தவைத்தார். மனசு அமைதியாக இருந்தது. அரிவாளை ஓங்கினார்.

வேலிக்கு அந்தப்பக்கம் இருமல் கேட்டது.

அவருக்குத் தெரியும். இரண்டு காய்ந்த கழிகள், காற்று, வேறொன்றுமில்லை. நேற்றுத் தன் கண்ணால் பார்த்தார்.

பொன்னுலிங்கம் மறுபடியும் இருமினார்.

அரிவாள் இறங்கியது. முளை துண்டாகித் தெறித்துப்போய் விழுந்தது. அரிவாள் மண்ணுக்குள் பிடிவரை புதைந்து நின்றது. கிணற்றுக்குள் இன்னொரு கல் கழன்று விழும் சத்தம் வந்தது.

முப்புடாதி திரும்பிப் பார்த்தார். பின்னால் உலகம்மை நின்றுகொண்டிருந்தார்.

"நான் வாயே தெறக்கலியே அம்மா."

"போயி தண்ணி எறச்சிட்டு வா."