வாசலைத் திருப்பி வைத்த வடிவு

அந்தக் காலத்தில் கல்லுக்குள் குடியிருக்கும் எலக்ட்ரான்களுக்குக்கூட வாய் இருந்தது, வம்பு பேசவும் நேரம் இருந்தது. ஒரு கறுப்புக் கல்லுக்குள் தாள் தாளாகப் பல அடுக்குகள். உச்சி அடுக்கில் வடிவின் வீடு, அதற்குக் கீழ் அவள் அக்கா பூவாயியின் வீடு. எல்லா வீட்டுக்கும் வாசல் கிழக்கே, கொல்லை மேற்கே.

எலக்ட்ரான் என்றால் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டேதான் ஓடும். அங்கே அதற்கும் ஒரு முறை உண்டு: வாசலை நோக்கி ஓடினால் வலச்சுற்று, கொல்லையை நோக்கி ஓடினால் இடச்சுற்று. ஒருத்திகூட முறை தவற மாட்டாள். ஓடும் திசையும் சுற்றும் ஒன்றானால்தான் அடுக்கு விட்டு அடுக்கு தாவ முடியும். பூவாயி ஒரு நாளைக்கு நூறு தடவை தங்கை வீட்டுக்குத் தாவுவாள்.

ஒருநாள் கல்லின் தலைமாட்டில் ஒரு காந்தம் வந்து உட்கார்ந்தது. எல்லாரும் ஒரே சுற்றாகச் சுற்றினால் அதற்குக் கொண்டாட்டம், அப்படியே இழுத்துக்கொள்ளும். அன்று மின்சாரம் கிழக்கே தள்ள, கல்லுக்குள் இருந்த எல்லாரும் வாசலை நோக்கி ஓடினார்கள். அத்தனை பேரும் வலச்சுற்று. வடிவின் வீடு ஓரத்தில் பெயர்ந்து எழும்பிவிட்டது. மின்சாரம் நின்றதால் தப்பித்தார்கள்.

“நாளைக்கும் தள்ளினா என் வீடு போயிடும் அக்கா. அடுத்தது உன் வீடு.”

“பாதிப் பேர் மாத்திச் சுத்திட்டா என்ன?”

“முறையை விடச் சொல்றியா? அதுக்கு வீடே போகலாம்.” வடிவு கொஞ்சம் யோசித்தாள். “நான் வீட்டையே திருப்பிப் போட்டுடறேன். உன் வாசல் பக்கம் எனக்குக் கொல்லை. நீ வலமாச் சுத்தும்போது நான் இடமாச் சுத்துவேன். காந்தத்துக்கு ரெண்டும் கழிஞ்சு ஒண்ணுமே தெரியாது.”

பூவாயிக்கு அழுகை வந்துவிட்டது. “அப்புறம் நான் உன் வீட்டுக்குத் தாவ முடியாதேடி.”

“தெரியும் அக்கா. ஆனா உன் தலைக்கு மேலேயே இருப்பேன்ல.”

பூவாயி கடைசியாக ஒருமுறை மேலே போய், தங்கையைக் கட்டிக்கொண்டுவிட்டு இறங்கினாள். வடிவு தன் ஆட்களோடு வீட்டை அரைவட்டம் திருப்பினாள். கீழே இருந்த அடுக்குகளும் அதைப் பார்த்து ஒன்று விட்டு ஒன்று திரும்பிக்கொண்டன.

மறுநாள் மின்சாரம் தள்ளியது. காந்தம் மூச்சைப் பிடித்து இழுத்தது, பாச்சா பலிக்கவில்லை. “இது செத்த கல்லு” என்று முனகிக்கொண்டு போய்விட்டது. என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள், முறையும் கெடவில்லை, கல்லும் பிரியவில்லை.

இப்படி அடுக்கடுக்கான குறைக்கடத்திப் படிகங்களை மொத்தமாகப் பார்த்தால் சுற்றே இல்லாததுபோல் தெரிவதும், ஒவ்வொரு அடுக்காகப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் அது பிடிபடுவதும் அன்று முதல்தான். தங்கை வீட்டுக்குத் தலைமுடியின் பருமன்கூட இல்லாத அந்தத் தூரத்தைப் பூவாயி இன்னும் தாண்டவில்லை.