கடாவுக்கு மறுக்கப்பட்ட இரவு

வடகோடியில் ஒரு மலைநாடு இருந்தது. கோடையில் அங்கே சூரியனுக்கு வீடு திரும்பவே மனம் வராது. குளிர்காலம் வந்தாலோ மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். அந்த நாட்டில் ஒரு பண்ணையாரின் கொட்டிலில் ஒரு செம்மறிக் கடா இருந்தது. கடாவின் தலைக்குள்ளே, நட்டநடுவில், நெல்மணி அளவு வீட்டில் ஒரு தூதன் குடியிருந்தான்.

படித்தவர்கள் அவனுக்கு மெலடோனின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் பெரிது, வேலை சின்னது. பொழுது சாய்ந்ததும் கிளம்புவான். விடியும்வரை உடம்பெல்லாம் சுற்றி, "இரவு இவ்வளவு நீளம்" என்று சொல்லிவிட்டு வீடு திரும்புவான். கூட்டிச் சொல்லவும் அவனுக்குத் தெரியாது, குறைத்துச் சொல்லவும் தெரியாது.

கடாவின் பின்னங்கால்களுக்கு நடுவே விதைப் பட்டறை நடத்தும் இரட்டையருக்கு அந்தச் செய்திதான் பஞ்சாங்கம். இரவு நீண்டுவிட்டது என்று தெரிந்தால் உலை மூட்டுவார்கள். கடாவின் கழுத்து தடிக்கும், குரல் மாறும், பெட்டை ஆடுகளைத் தேடும். அப்போது சேர்ந்தால்தான் பச்சைப்புல் முளைக்கும் காலத்தில் குட்டி பிறக்கும். இரவு சுருங்கும்போது பட்டறையும் சுருங்கித் தூங்கிவிடும். இதில் நோயும் இல்லை, வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அதே கொட்டிலில் பண்ணையாரின் செல்லக் குதிரையும் இருந்தது. அதன் குட்டி வயிற்றில் ஏறக்குறைய ஒரு வருஷம் கிடக்கும். அதுவும் பச்சைப்புல் காலத்தில் பிறக்க வேண்டுமே! ஆகவே குதிரை துணை சேரும் காலம் பகல் நீளும் காலம். இரவு நீண்டால் குதிரை சுணங்கிப் போகும். பண்ணையாருக்கு அது பொறுக்கவில்லை. கோடை முடிகிற சமயத்தில் கொட்டிலின் நடுவே ஒரு பெரிய விளக்கைத் தொங்கவிட்டார்.

"ராத்திரி பூரா எரியட்டும். குதிரைக்கு நல்லதுன்னா கடாவுக்கும் நல்லதுதானே!" என்றார். கடாவை யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் தூதன் கிளம்பினான். வாசலில் காவல் நிற்கும் கடாவின் கண் வழிமறித்தது.

"எங்கடா கிளம்பிட்ட?"

"பொழுது சாஞ்சிருச்சு அண்ணே. வேலைக்குப் போறேன்."

"எங்க சாஞ்சுது? பளீர்னு அடிக்குது. உள்ள போ."

"அண்ணே, அது சூரியன் இல்ல, விளக்கு!"

"எனக்கு வெளிச்சம்னா வெளிச்சம்தான். அது யார் வீட்டுப் பிள்ளைன்னு விசாரிக்கிறது என் வேலை இல்ல."

தூதன் கண்ணின் இடுக்கு வழியாக விளக்கைப் பார்த்துக் கத்தினான். "ஏய்! நீ பகலா?"

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்றது விளக்கு. "தொங்கவிட்டாங்க, எரியுறேன். குதிரையைக் கேட்டுப் பாரு, என்னைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுது."

குதிரை பிடரியைச் சிலுப்பியது. "பின்னே? இந்த வெளிச்சத்துல எனக்கு எவ்வளவு தெம்பு! உங்களுக்கு ஒத்துக்கலேன்னா கோளாறு உங்க உடம்புலதான்."

தூதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் பகல் உனக்கு வாழ்வு. என் இரவைப் பிடுங்கித்தான் அதை உனக்குக் குடுக்கணுமா?" என்று கேட்டான். குதிரை கொள்ளைத் தின்னப் போய்விட்டது.

"என்னப்பா, இரவு நீண்டுருச்சா?" என்று கீழே இருந்து இரட்டையர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தூதன் வாசற்படியில் நின்று தொண்டை வறளக் கத்திப் பார்த்தான். போய்ச் சொல்லாத செய்தி யாருக்கும் எட்டாது. இரட்டையர் படுத்துவிட்டார்கள்.

இலையுதிர்ந்தது. விளக்கில்லாத வெளிப்பட்டியிலிருந்து வந்த பெட்டை ஆடுகள் கடாவை உரசிக்கொண்டு நின்றன. கடா வைக்கோலை மென்றது. பண்ணையார் வந்து பார்த்துவிட்டு, "கொம்பு மட்டும் இருந்தா ஆம்பிளையா?" என்று காறித் துப்பினார். பிறகு மனசு இளகி, வைத்தியமாக இரண்டாவது விளக்கையும் தொங்கவிட்டார். அதுவும் பலிக்கவில்லை என்றதும் கடாவை ஒரு கசாப்புக்காரருக்குத் தள்ளிவிட்டார். அநியாயத்தைப் பாருங்கள்! இரவைப் பிடுங்கியவர் அவர். மலடு என்ற பட்டமும் கசாப்புக் கத்தியும் கடாவுக்கு.

கடாவை வெட்ட வேண்டிய பண்டிகைக்கு இன்னும் நாள் கிடந்தது. அதுவரை தின்று கொழுக்கட்டும் என்று கசாப்புக்காரர் கடாவைத் தன் கொட்டிலில் கட்டினார். அங்கே விளக்கு கிடையாது. பொழுது சாய்ந்ததும் கண் தானாகவே வழிவிட்டது.

"இருட்டிருச்சு. போய்ட்டு வா."

தூதன் ஓடினான். ஒவ்வொரு இரவும் ஓடினான். இரவின் நீளத்தை அளந்து அளந்து சொன்னான். இரட்டையர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உலை மூட்டினார்கள். மாதம் திரும்புவதற்குள் கடா கயிற்றை அறுத்துக்கொண்டு கசாப்புக்காரரின் பெட்டை ஆடுகளிடம் போய்விட்டது. "இதையா வெட்டப் பார்த்தேன்!" என்று அவர் கத்தியை உறையில் போட்டார். தூதன் அன்றுதான் நிம்மதியாக மூச்சுவிட்டான்.

சேதி கேட்டுப் பண்ணையார் ஓடிவந்தார். வேலியோரம் நின்று வாய் பிளந்தார்.

"ஏம்ப்பா, இது என் கடாதானே? என்ன மருந்து குடுத்த?"

"மருந்தாவது ஒண்ணாவது! கொட்டில்ல ஒரு விளக்கு வைக்கக்கூட எனக்கு வசதி இல்லீங்களே."

பண்ணையாருக்குக் கண் கலங்கிவிட்டது. "விளக்கே இல்லாம இப்படி நிக்குதுன்னா, இருந்திருந்தா எப்படி நின்னிருக்கும்!"

அன்று மாலையே தன் வீட்டிலிருந்து ஒரு பெரிய விளக்கைக் கொண்டுவந்து, தன் கையாலேயே அங்கே தொங்கவிட்டார். கடாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். கசாப்புக்காரர் கும்பிட்டு நன்றி சொன்னார்.

தூதன் வாசலுக்கு வந்தான். "பளீர்னு அடிக்குது, உள்ள போ" என்றது கண். தூதன் கதவில் முட்டினான், மோதினான், கெட்ட வார்த்தைகூடப் பேசினான். கதவு திறக்கவே இல்லை. கீழே உலை அணைந்தது. கடா திரும்பவும் வைக்கோலை மெல்ல ஆரம்பித்தது.

பண்டிகைக்கு முதல் நாள் கத்தியைத் தீட்டியபடியே கசாப்புக்காரர் சொன்னார்: "விளக்கு வச்சும் சரிப்படலேன்னா, இது மலடேதான்."