தங்கக் கேபிள் பரீட்சை

மங்கலாபுரி மன்னர் பரிதிவர்மர் போருக்குப் போவதை அடியோடு விட்டுவிட்டார். சபா மண்டபத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு டி.வி. வந்து இறங்கியதுதான் காரணம். அதை செட்டாப் பாக்ஸோடு இணைக்க ஒரு ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கவேண்டியதுதான் பாக்கி. அந்தப் பொறுப்பு அமைச்சர் கேசரிநாதருக்கு.

அவர் சும்மா வாங்குவாரா? தங்க முலாம் பூசி, பட்டு நூல் சுற்றிய கேபிளைத் தாம்பாளத்தில் வைத்து, நாதஸ்வரம் முழங்கக் கொண்டுவந்தார். கூடவே ஒரு கூடை அடாப்டர். டி.வி.யிலும் பாக்ஸிலும் ஒரே மாதிரி துளைதான். அப்புறம் அடாப்டர் எதற்கு என்று கேட்க எவருக்கும் துணிச்சல் இல்லை.

"பிரபு, சாதாரண கேபிளில் படம் சோகை பிடித்து வரும். இதில் வந்தால் பொன்னாய் ஜொலிக்கும்!"

"ஆஹா!" என்றது சபை. அமைச்சர் வாயை மூடுமுன் ஆஹா போடுவது அங்கே வழக்கம்.

சாதுரியத்துக்குப் பேர்போன வெண்காடனுக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "மன்னா, இது டிஜிட்டல். வந்தால் முழுசாக வரும். கோளாறு என்றால் கட்டம் கட்டமாக உடையும், இல்லாவிட்டால் வரவே வராது. இந்தக் கைநீளத் தூரத்துக்குக் கடைத்தெருக் கேபிளே தாராளம்."

கேசரிநாதர் கொதித்தார். "சபையிலேயே சோதித்துக் காட்டட்டும், பிரபு! தோற்றால் நாட்டை விட்டே போகட்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர், சீரியல் தள்ளிப்போகிற எரிச்சலில்.

வெண்காடன் இப்போதுதான் ஆசை ஆசையாய் வீடு கட்டிக் குடிபுகுந்திருந்தான். தீர்ப்புச் சொல்லப்போவதோ இதே ஆஹா கூட்டம். எந்தக் கேபிளை மாட்டினால் என்ன, தோற்பது அவன்தான். அந்தக் கூட்டத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். பாதி வழியில் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் டி.வி.யின் பின்பக்கம் தெரியாதபடி திரை கட்டி, இரண்டு கேபிளோடும் உள்ளே நுழைந்தான். டி.வி.யில் ஒரு நடனம் ஓடத் தொடங்கியது.

"இது கடைத்தெருக் கேபிள்!" என்று குரல் கொடுத்தான்.

கேசரிநாதர் முகத்தைச் சுளித்தார். "ஐயோ, ஒரே மங்கல்!"

"மங்கலோ மங்கல்!" என்றது சபை. "ஆடுகிறவளின் மூக்குத்தியே தெரியவில்லை" என்றார் தளபதி.

டி.வி. அணைந்து, மறுபடி எரிந்தது.

"இது தங்கக் கேபிள்!"

"அடடா! மூக்குத்தியில் கல்லை எண்ணலாம் போலிருக்கிறதே!" என்றார் அமைச்சர். தளபதி எண்ணவே ஆரம்பித்துவிட்டார்.

மன்னரும் தலையாட்டினார். "பளிச்சென்றுதான் இருக்கிறது. வெண்காடா, மூட்டையைக் கட்டு."

வெண்காடன் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். ஒரு கையில் கடைத்தெருக் கேபிள். மறு கையில் தங்கக் கேபிள். டி.வி.யில் நடனம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தளபதி கல் எண்ணுவதைப் பாதியில் நிறுத்தினார்.

"அப்படியானால் படம் எதில் வருகிறது?" என்றார் மன்னர்.

"டி.வி. முதுகில் ஒரு பென் டிரைவ் சொருகியிருக்கிறேன், மன்னா. கேபிள் இரண்டையும் நான் மாட்டவே இல்லை."

மன்னர் முகம் சிவந்தது. "எனக்குப் பளிச்சென்று தெரிந்ததே! என் கண் பழுது என்கிறாயா?"

"கண்ணில் ஒரு பழுதும் இல்லை, மன்னா. தாங்கள் அதை உபயோகிக்கவே இல்லை. அமைச்சர் சொல்லச் சொல்ல, காதால் பார்த்தீர்கள்."

மன்னர் ஒரு கணம் முறைத்தார். பிறகு கிரீடம் சரிந்து விழுகிற அளவுக்குச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார்.

"கடைத்தெருக் கேபிளையே மாட்டு, வெண்காடா. மாட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார். அமைச்சரை மட்டும் என் காதுக்கு எட்டாத தூரத்தில் உட்கார வை!"