பெருக்கன் கரடியும் கைவிடாத ஆறு பேரும்

அந்தக் காலத்தில், எண்களுக்கு வாயும் காலும் இருந்தபோது, ஒரு கரடி நன்றாக ஏமாந்தது. வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் இப்போதே இல்லை. முதலில் கொஞ்சம் பயப்பட வேண்டும்.

கரடியின் பெயர் பெருக்கன். அவனிடம் எண் போட்ட உலக்கைகள் இருந்தன. பதினைந்தின் வீட்டுக் கூரையில் இரண்டாம் உலக்கையால் ஒரு போடு போட்டான். வீடு முப்பதாகிவிட்டது. அந்த வீட்டு ஒன்றையும் ஐந்தையும் காணோம். உள்ளே ஒரு மூன்றும் ஒரு பூஜ்யமும், பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பவர்கள் போல, சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டில் ஆறு உடன்பிறப்புகள்: ஒன்று, நாலு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு. அதே வரிசையில் கைகோத்து நின்றால் 1,42,857.

"எட்டண்ணே, நாளைக்கு நாமளும் காணாமப் போயிடுவோமா?" என்று கடைக்குட்டி ஒன்று அழுதாள்.

"கையை விட்டாத்தானே காணாமப் போவோம்? வட்டமா நிப்போம். அடி விழுந்ததும் சுத்தி, ஒவ்வொரு தடவையும் அடுத்த பெரியவங்க முன்னால வரணும். அவன் போனதும் பழைய இடம். பேச்சை நாலு பார்த்துக்குவான்."

நாலுக்கு எல்லார் குரலும் வரும்.

மறுநாள் கூரையில் இரண்டாம் உலக்கை. தொம்! பெருக்கன் வாசலுக்கு வந்து பார்த்தான். 2,85,714 நின்றது.

"லொக், லொக்... யாருப்பா?" என்றது ஒரு கிழவர் குரல். "நாங்க புதுசாக் குடி வந்தவங்க."

"முன்னே இருந்தவங்க?"

"போய்ட்டாங்க, பாவம்."

கரடி குதித்துக்கொண்டே போனான். அடுத்த நாள் மூன்றாம் உலக்கைக்கு 4,28,571; உள்ளேயிருந்து ஒரு வெங்காயக்காரி குரல் அவனைத் திட்டியது. நான்காம் உலக்கைக்கு ஒரு வாத்தியார் குரல். ஐந்தாம் உலக்கைக்கு, மூக்கால் பேசும் மாப்பிள்ளை. ஆறாம் உலக்கைக்கு எட்டு முன்னால் வந்தான். உள்ளேயிருந்து கரடிக் குரல்: "டேய் பெருக்கா! உன் பெரியப்பா விருந்துக்கு வந்திருக்கேன்டா!" பெருக்கன் உலக்கையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டான்.

மறுநாள், பெரியப்பா கிளம்பியிருப்பார் என்று நினைத்து அவன் ஏழாம் உலக்கையை எடுத்தான். எட்டுக்கு மேல் அந்த வீட்டில் பெரியவர் இல்லை. கரடி கூரை ஏறும்போதே உள்ளே சண்டை.

"ஒன்று, நீ முன்னால நில்லு."

"நான் நின்னா நாம பழைய ஆளுங்கதானே! மாட்டிக்குவோம்."

"நாலு, நீ போடா."

"நான் அன்னைக்கே வெங்காயக்காரியா வந்துட்டேன். வேணும்னா பெரியப்பாவா இன்னொரு தடவை..."

கரடி கூரையில் காதை வைத்துக் கேட்டான்.

"பெரியப்பாவா?" என்றான் பெருக்கன்.

தொம்! ஆறு முகமும் ஒரே முகமானது: 9,99,999. யார் எட்டு, யார் ஒன்று என்று அவர்களுக்கே தெரியவில்லை. கையை மட்டும் ஒருவரும் விடவில்லை.

அன்று முதல்தான், 1,42,857-ஐ இரண்டிலிருந்து ஆறு வரை எதனால் பெருக்கினாலும் அதே ஆறு பேர் கைகோத்தபடி சுற்றி வந்து நிற்கிறார்கள்; ஏழால் பெருக்கினால் மட்டும் ஆறு பேரும் ஒன்பதாகித் திருதிருவென்று முழிக்கிறார்கள்.