பெரிய தாடைப் படையும் பசித்த குஞ்சுகளும்

காட்டில் ஒரு வேங்கை மரத்தடியில் பெரிய கறையான் புற்று இருந்தது. அதில் துகளி என்ற வேலைக்காரக் கறையான் வாழ்ந்தாள். குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதுதான் அவள் வேலை. ஆனால் அதற்குத்தான் அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

எல்லாம் படையால் வந்த வினை. கறையான் வீரர்களுக்குத் தாடை அரிவாள் மாதிரி நீண்டிருக்கும். அதை வைத்துக் கடிக்கலாம். ஆனால் தாங்களாகத் தின்ன முடியாது. வேலைக்காரர்கள்தான் அவர்களுக்கு வாயில் ஊட்ட வேண்டும். காலங்காலமாக வந்த இந்த வழக்கத்தை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் தளபதி தாடையன் சும்மா இருக்கவில்லை. "எறும்பு வருது! எறும்பு வருது! இன்னும் வீரர்களை வளருங்க!" என்று ஓயாமல் கத்தினான். எல்லாரும் பயந்துபோய் வளர்த்தார்கள். படை பெருத்தது. ஊட்டி ஊட்டியே வேலைக்காரர்களுக்கு இடுப்பு ஒடிந்தது. மேற்குச் சுவரில் விழுந்த விரிசலைப் பூசக்கூட ஆளில்லை. மழைக்காலமோ நெருங்கிவிட்டது.

"அத்தை, பசிக்குது!" என்று ஒருநாள் குஞ்சுகள் அழுதன. துகளியிடம் ஒரு துளி இரைகூட மிச்சமில்லை. அவள் குஞ்சுகளைத் தடவிக் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தாடையன் வந்தான். "இன்னும் இருநூறு வீரர்கள் வேணும்!"

"தளபதியாரே, எறும்பு கடைசியா எப்ப வந்துச்சு?" என்று துகளி கேட்டாள்.

"வரலையே! நாங்க இவ்வளவு பேர் இருக்கோமில்ல, அதான் வரலை!"

"பாதிப் பேர் இருந்தப்பவும் வரலையே?"

"அது... அது ராணுவ ரகசியம்!" என்று தாடையன் நழுவிவிட்டான்.

துகளிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மற்ற வேலைக்காரர்களைக் கூப்பிட்டாள். "ஊட்டுறது நாம. எவ்வளவு பேருக்குன்னு கேட்க நமக்கு வாய் இல்லையா?"

"ஐயோ அக்கா, நம்மைத் துரோகின்னு சொல்லிடுவாங்க!" என்று அவர்களில் ஒருத்தியான சுள்ளி பதறினாள்.

"குஞ்சு பட்டினி கிடக்கிறப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கோமே, அதுக்கு என்ன பேராம்?"

அதைக் கேட்டதும் சுள்ளி எழுந்தாள். பிறகு எல்லாருக்கும் முன்னால் அவளே ராணியின் அறைக்கு நடந்தாள்.

"காவலே வேண்டாம் என்கிறீர்களா?" என்று அவர்கள் குறையைக் கேட்ட ராணி வினவினாள்.

"காவல் வேணும் தாயே. தேவையான அளவு போதும்னுதான் சொல்றோம்" என்றாள் துகளி.

ராணி அருகில் நின்ற ஒரு வீரனைக் கூப்பிட்டாள். "நீ எந்த வாசலில் காவல் நிற்கிறாய்?"

அவன் நெளிந்தான். "வாசலை நான் பார்த்ததே இல்லை தாயே! இருக்கிறது நாலு வாசல். பத்துப் பேர் தலையை நீட்டினா ஒரு வாசல் அடைஞ்சிடும். மத்தவங்க எல்லாம் அவங்க முதுகைப் பார்த்துக்கிட்டு நிக்கிறோம். நின்னு நின்னு கால்தான் கடுக்குது!"

அறையே சிரித்தது. ராணி சிரிக்கவில்லை. "இனி புதிய வீரர்கள் வேண்டாம்! இருப்பவர்களை யாரும் பட்டினி போட வேண்டாம். வாசலில் நிற்பவர்கள் நிற்கட்டும். மற்றவர்கள் அந்தத் தாடையால் மண் சுமக்கட்டும்!"

தாடையன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். மற்ற வீரர்களுக்கோ ஒரே குஷி. அவர்கள் சுமந்து தந்த மண்ணால் மூன்றே நாளில் விரிசல் அடைபட்டது. நான்காம் நாள் மழை கொட்டியது. புற்றுக்குள் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

மழை விட்டதும் எறும்புகளும் வந்தன. வாசலை அடைத்து நின்ற பத்துத் தலைகளைப் பார்த்தன. வந்த வழியே திரும்பிவிட்டன. அந்த நேரத்தில் துகளி உள்ளே குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். வயிறு நிறைந்த குஞ்சுகள், "போதும் அத்தை!" என்று தலையைத் திருப்பிக்கொண்டன. அவளுக்கு அதைக் கேட்கக் கேட்க ஆனந்தமாக இருந்தது.

நாட்டுக்குக் காவல் தேவைதான். ஆனால் அது எவ்வளவு தேவை என்று அதற்குச் சோறு போடும் மக்கள் துணிந்து கேட்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் பிள்ளைகளின் பங்குதான் குறையும்.